திரை தூக்காமலே கிடைத்த மானியம்

கிள்ளான்,
14 ஆகஸ்ட் 1986

பெர்த் மாநகரில் கம்பளிக் காலுறைக்குள் காலை ஒளித்துக்கொண்டு வாழும் என் அருமை மச்சான் பாலசுந்தரம் அவர்களுக்கு, கிள்ளான் வெயிலில் அப்பளமாகக் காய்ந்துகொண்டிருக்கும் சிவசம்பு எழுதிக்கொள்வது.

உமது சுகத்தையும், உம்மைக் கட்டிக்கொண்ட பாவத்துக்காக அங்கே வந்து குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கை சிவமலரின் சுகத்தையும் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். இங்கே உமது தங்கை இராசேஸ்வரி நல்ல சுகம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம். அதாவது அவள் பேசுகிறாள், நான் இருக்கிறேன். முறைப்படி கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு வயிறு எரிகிறது.

நீர் சென்ற கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர். நமது மேடை இன்னும் நிற்கிறதா என்பது ஒன்று. டிசம்பரில் வந்தால் 'வீரமாலினி' நாடகத்தின் கடைசிக் காட்சியை ஒருவழியாக முடித்துவிடலாமா, டிக்கெட் எடுக்கட்டா என்பது மற்றது. கூடவே ஒரு படமும் வைத்திருந்தீர். மச்சான், அறுபத்திரண்டு வயதில் உமக்கு மீசை என்னத்துக்கு? உறையைப் பிரித்ததும் இராசேஸ்வரி, "ஐயோ, அண்ணைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டு அழவே தொடங்கிவிட்டாள். நான்தான் ஒன்றும் நடக்கவில்லை, மனிதன் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார் என்று ஆறுதல் சொன்னேன். கிள்ளான் முழுவதும் கண் கலங்கிப் பார்த்த மகாராணி வேடக்காரருக்கு, பீடி புகைக்கும் காவற்காரன் மாதிரி ஒரு மீசை!

உமது கேள்விகளுக்குப் பதில் இதோ. மேடை நிற்கிறது. டிக்கெட் எடுக்காதீர். ஏன் எடுக்கக் கூடாது என்று சொல்வதற்குத்தான் இத்தனை தாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உமக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறும். ரயில்வே கோட்டர்ஸுக்குப் பின்னால் நமது கலாரஞ்சனி சபைக் கொட்டகை. அந்தக் காலத்தில் நமக்கு எந்தக் குழு இருந்தது, எந்தத் திட்டம் இருந்தது? கூட்ஸ் ஷெட் தலைமைக் கிராணி கார்த்திகேசு வேலை நேரத்தில் கணக்கு எழுதாமல் வசனம் எழுதுவார், வேலை நேரத்திலேயே நாம் பாடம் பண்ணுவோம், துறைமுகத்தில் மூட்டை தவறினாலும் தவறும், வசனம் தவறாது. முகத்துக்குத் துத்தநாகப் பொடியும் தேங்காய் எண்ணெயும். உமக்கு என் வீட்டுக்காரியின் கூறைச்சேலை; கட்டிக்கொண்டு வந்து நின்றீரென்றால், அவள் கட்டியபோது இவ்வளவு எடுப்பாக இருந்ததா என்று எனக்கே சந்தேகம் வரும், அதை வாய்விட்டுச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உமக்குத் தெரியும். சனம் பாயும் தலையணையுமாக வந்துவிடும். கச்சான் கடலை விற்கிறவன் ஒரு பக்கம், கோப்பிக்காரச் சீனன் ஒரு பக்கம். அந்தச் சீனனுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது, ஆனால் ராணியை நாடு கடத்துகிற கட்டத்தில் அவன்தான் முதலில் மூக்கைச் சிந்துவான்.

பிறகு அந்த ரயில்! துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் கொட்டகைச் சுவரை உரசுவது போலப் போகும். அது போய் முடியும்வரை வசனம் ஒன்றும் கேளாது. ஆகையால் ரயில் வந்தால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும் என்பது நமது சபையின் சட்டம். நான் வாளை ஓங்கியிருந்தால் ஓங்கியபடி, நீர் மயங்கி விழுந்துகொண்டிருந்தால் பாதி விழுந்தபடி. சனமும் அசையாது, கச்சான் கொறிக்கிறவர்கள்கூடக் கொறிப்பதை நிறுத்துவார்கள். கடைசிப் பெட்டி போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவோம். அப்படி நமக்காகக் காத்திருந்த சனம் இனி எங்கே?

கடைசித் தடவை போட்டது எழுபத்தொன்றாம் ஆண்டு, அந்தப் பெருவெள்ளத்து ஜனவரியில். மழை விடாமல் கொட்டியும், நாடகம் என்று சொல்லிவிட்டோம் நாடகம்தான் என்று நின்றோம். கடைசிக் காட்சி. நாடு கடத்தப்பட்ட ராணி பல வருடம் கழித்துப் பிச்சைக்காரி வேடத்தில் அரண்மனை வாசலுக்கு வந்து, "அரசே, என்னைத் தெரிகிறதா?" என்று கேட்கிறாள். நீர் கேட்டீர். என்ன அழகாகக் கேட்டீர்! நான் பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். பின்னால் எவனோ, "டேய், தண்ணி ஏறுது!" என்று கத்தினான். அவ்வளவுதான். சனம் செருப்பைக் கையில் எடுத்தது. நீர் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு கீழே குதித்து மார்க்கிரட் டீச்சரின் ஆர்மோனியத்தைக் காப்பாற்றப் போனீர். நான் இழுத்த மூச்சோடு சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்றேன். "தெரியாமலா இத்தனை வருடம் வாசல் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தேன்?" என்பதுதான் கார்த்திகேசு எனக்கு எழுதித் தந்த கடைசி வரி. அதைச் சொல்லவேயில்லை. நீர் பிறகு மகள் கூப்பிட்டாள் என்று பெர்த்துக்குப் போய்விட்டீர், கார்த்திகேசு மேலே போய்விட்டார், அந்த வரி மட்டும் மீன்முள் மாதிரி என் தொண்டையிலேயே நிற்கிறது. குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். "யாரோட கதைக்கிறியள்?" என்று உமது தங்கை வெளியிலிருந்து கேட்பாள்.

இந்த நிலையில்தான் இந்த வருடத் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்டத்துக்கென்று புதிதாக ஒரு குழு போட்டார்கள். மாவட்டத்தில் உள்ள கலை, பாரம்பரியம், மனிதவியல் ஆகிய மூன்றையும் ஐந்து வருடத் திட்டம் போட்டு வளர்ப்பதாம். ஒவ்வொரு சங்கமும் தன் திட்டத்தை எழுதித் தந்து, அதிகாரி முன்னால் ஒரு நிகழ்ச்சியும் நடத்திக் காட்ட வேண்டுமாம். பிடித்திருந்தால் மானியம். நமது கொட்டகைக் கூரையைப் பற்றி உமக்குச் சொல்ல வேண்டும். கூரை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், மழை பெய்தால் உள்ளே நிற்பதைவிட வெளியே நிற்பவன் நனைவது குறைவு. மானியம் வந்தால் கூரை போடலாம், மேடைப் பலகை மாற்றலாம், உம்மைக் கூப்பிடலாம், என் தொண்டை முள்ளை எடுக்கலாம். நான் இரவு பகலாக அதையே நினைத்தேன்.

நிர்வாகம் கூடியது. தலைவர் நமது தியாகராசா, ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைப் பிடித்தாரென்றால் புண்ணுக்குத் துணி கட்டுவது போல ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார். பொருளாளர் ஜவுளிக்கடைச் சலாவுதீன் பாய். ஆர்மோனியத்துக்கும் மலாய் மொழிபெயர்ப்புக்கும் மார்க்கிரட் டீச்சர். செயலாளர் அடியேன். கலை என்றால் நாடகம், பாரம்பரியம் என்றால் கொட்டகை, அந்த இரண்டிலும் பிரச்சினை இல்லை. மூன்றாவது மனிதவியல் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மனிதர்களைப் பற்றிய படிப்பு என்று மார்க்கிரட் டீச்சர் சொல்லிப் பார்த்தார். "மனுசன் சம்பந்தப்பட்டதுன்னா சாப்பாட்டப் போடுங்க சார், காஜாங் சத்தே சொல்லிட்டாப் போச்சு, முடிஞ்சதுலா" என்றார் பாய். அப்படியே மனிதவியலுக்கு நேரே சத்தே என்று முடிவாயிற்று. நான் உட்கார்ந்து திட்டம் எழுதினேன். பழைய நாடகங்களைப் பிரதி எடுத்தல், பிள்ளைகளுக்குப் பயிற்சி, டிசம்பரில் வீரமாலினி முழு நாடகம், அதில் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் பங்கேற்பு. வெளிநாட்டுக் கலைஞர் என்றது உம்மைத்தான். அப்படிப் போட்டால்தான் எடுபடுமாம், கோபிக்காதீர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. அதிகாரி ஷா ஆலத்திலிருந்து வருகிறார், பெயர் ரம்லி, மரியாதைக்கு என்சிக் ரம்லி, இளைஞர், நல்ல பிள்ளை. நாம் காட்டப்போவது அரசவைக் காட்சி மட்டும், அரை மணி நேரம், அரசன் நான் ஒருவனே. காலையிலேயே கிரீடம், தாடி, துத்தநாகப் பொடி எல்லாம் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டேன். திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காப்பார் ஊர் அய்யாவு. லோரி ஓட்டுகிறவன், உமக்குத் தெரியும், திரை தூக்குவதற்கு அவனை மிஞ்ச ஆளில்லை. "அண்ணே, தூக்கட்டா?" என்று அப்போதே கேட்டான். பொறு என்றேன்.

மச்சான், ரம்லி சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு ஒரு மனிதன் வந்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? வெலவெலத்துப் போய்விட்டார்கள். மார்க்கிரட் டீச்சர் ஓடிப்போய் அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, "இனி எங்கள் பாரம்பரிய நிகழ்ச்சி ஆரம்பம்" என்று மலாயில் சொன்னார். அவரும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். அதோடு கடவுள் வாழ்த்துப் பாட டீச்சரை மேடைக்குக் கூப்பிட்டார்கள், பாடி முடித்தவரைப் பிடித்து மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஆக, இனி நடக்கப்போவது என்னவென்று தமிழ் தெரியாத ரம்லிக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. வினை அங்கேதான் பிடித்தது.

தியாகராசா வரவேற்புரை தொடங்கினார். வந்தவர்களை வரவேற்றார், வராதவர்களை வரவேற்றார், வர நினைத்து இறந்துபோனவர்களை வரவேற்றார். மைக் நடுவில் ஊளையிட்டது. ரம்லிக்கு மாலை போட்டு, பாய் கொண்டுவந்த பொன்னாடையைப் போர்த்தினார்கள். அதில் கடையின் மலிவு விற்பனைச் சீட்டு தொங்கியது, பாவம், அதோடுதான் அவர் ஷா ஆலத்துக்குத் திரும்பிப் போனார். நமது வழக்கம் உமக்குத் தெரியாததா? ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் பக்கத்து நாற்காலிக்காரரின் கழுத்து தானாக நீளும். அவருக்கும் போர்த்த வேண்டும். போர்த்தினவரை யார் போர்த்துவது என்று அடுத்த பிரச்சினை வரும். இப்படி மேடை முழுவதும் போர்த்தி முடித்துப் பார்த்தால், முன்வரிசையில் நமது முன்னாள் தலைவர் சபாபதி, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், வெறும் தோளோடு உட்கார்ந்திருக்கிறார். தியாகராசா அவர் பெயரை மறந்துவிட்டார். பொன்னாடையும் தீர்ந்துவிட்டது.

சபாபதி எழுந்தார். வேட்டியை உதறினார். "நான் இருக்கிறதும் ஒண்டுதான், இல்லாததும் ஒண்டுதான். இந்தக் கொட்டகைக்குக் கல்லுச் சுமந்தவன் நான். போறன்" என்று வாசலைப் பார்த்து நடந்தார். உடனே பாதி மேடை இறங்கி அவர் பின்னால் ஓடியது. "அண்ணே, என்ன அண்ணே நீங்க" என்று பாய் கையைப் பிடிக்க, அவர் கையை உதற, தியாகராசா காலில் விழுவது போலக் குனிந்து பிறகு இடுப்பு நிமிராமல் அப்படியே நிற்க, ஒரே அமர்க்களம். வாசல்வரை போவார், திரும்பி வருவார், மறுபடியும் போவார். வாசலைத் தாண்டி மட்டும் போகவில்லை என்பதைக் கவனித்தீரா? "அண்ணே, தூக்கட்டா?" என்றான் அய்யாவு. "எதைத் தூக்க? அங்க ஆளைத் தூக்கிக்கொண்டு வரட்டும், இரு" என்றேன். துத்தநாகப் பொடி உருகித் தாடிக்குள் ஓடியது.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. மச்சான், நம்பமாட்டீர். பதினைந்து வருடமாக அந்தக் கொட்டகையில் நாடகம் இல்லை, ஆனாலும் பழக்கம் விட்டுப் போகவில்லை. சபாபதி ஒரு காலைத் தூக்கியபடி நின்றார், தியாகராசா குனிந்தபடி, பாய் கையை நீட்டியபடி. சனம் முழுவதும் சிலை. ரயில் தன்பாட்டில் போய் முடிந்தது. "...போறன் எண்டால் போறன்தான்!" என்று சபாபதி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் திரை ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரம்லி வாயைப் பிளந்தபடி எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் தியாகராசா தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துச் சபாபதிக்குப் போர்த்தினார். சபாபதி அழுதார். அழுதுகொண்டே அதை எடுத்துப் பாய்க்குப் போர்த்தினார், பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தியாகராசாவுக்குப் போர்த்தினார். ஒரே பொன்னாடை மூன்று பேரைச் சுற்றி வந்தது. பிறகு சபாபதி ஏற்புரை நிகழ்த்தினார். தமிழ்க் கூட்டத்தில் ஏற்புரை சொல்கிறவனை நிறுத்த இன்னும் ஒரு மனிதன் பிறக்கவில்லை என்பது உமக்குத் தெரியும். தன் பிறப்பில் தொடங்கி, தபால் சேவையில் புகுந்து, பென்ஷனில் வந்து நின்றபோது ரம்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணே, கை மரத்துப் போச்சு, தூக்கட்டா?" என்றான் அய்யாவு, அழாத குறையாக.

அப்போது தியாகராசா மைக்கில் சொன்னதைக் கேளும். "நேரமின்மை காரணமாக நாடகம் பிறிதொரு நாளில் நடைபெறும். இப்போது செயலாளர் நன்றியுரை." வாளை எடுத்துக்கொண்டு போய் அவரைக் குத்தியிருப்பேன், அட்டை வாள் ஆகையால் பிழைத்தார். வேறு என்ன செய்ய? திரையை விலக்கிக்கொண்டு, கிரீடமும் தாடியும் வெள்ளை வழிந்த முகமுமாக முன்னால் வந்து நின்றேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒருவர் விடாமல் பெயர் சொல்லி நன்றி சொன்னேன், விட்டால் இன்னொரு சபாபதி எழும்பிவிடுவாரே. அழுதுகொண்டே ரம்லிக்கு நன்றி, மைக்குக்கு நன்றி, தூக்காத கயிற்றைப் பிடித்திருந்த அய்யாவுக்கு நன்றி. ரம்லி எழுந்து நின்று கை தட்டினார். "பாகுஸ்! பாகுஸ் செகாலி!" என்று, அதாவது மெத்த நன்று என்று, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சத்தேயைக் காரிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று புறப்பட்டுவிட்டார். மரியாதைக்குச் சொல்கிறார், மானியம் போச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கிரீடத்தோடேயே படுத்துவிட்டேன். இராசேஸ்வரிதான் தாடியைப் பிய்த்து எடுத்தாள்.

போன வாரம் ரம்லி கொட்டகைக்கே நேரில் வந்து எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சொல்லச் சொல்ல மார்க்கிரட் டீச்சர் தமிழில் சொன்னார், சொல்லச் சொல்ல டீச்சரின் குரல் மெலிந்துகொண்டே போனது. தான் எத்தனையோ கலை பார்த்திருக்கிறாராம், இப்படி ஒன்று பார்த்ததில்லையாம். தலைவன் ஒரு பெரியவரை மறக்கிறான், பெரியவர் கோபித்துப் போகிறார், ஊரே கெஞ்சுகிறது, நடுவில் எல்லாரும் மூச்சுகூட விடாமல் சிலையாக நின்று காலத்தையே நிறுத்துகிறார்கள், ஒரே துணி எல்லார் தோளிலும் மாறி மாறி விழுந்து பகை தீர்கிறது, கடைசியில் திரைக்குப் பின்னால் மறைந்திருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அரசன் அழுதுகொண்டு வெளியே வந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்கிறான். மற்றச் சங்கங்கள் எல்லாம் மனிதவியல் என்ற இடத்தை வெறுமனே விட்டுவிட்டன, நீங்கள் ஒருவர்தான் அதை மேடையிலேயே காட்டினீர்கள் என்றார். சத்தே என்று எழுதியிருந்தது அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

மானியம் உண்டு. கூரை உண்டு, மேடைப் பலகை உண்டு. ஒரே ஒரு நிபந்தனைதான்: வருடா வருடம் டிசம்பரில் இதே நிகழ்ச்சியை, இதே ஒழுங்கில், எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடத்த வேண்டும். "நாடகம் இருக்கிறது, அதைத்தான் காட்ட வந்தோம்" என்று நான் வாயைத் திறந்தேன். தியாகராசா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு சொட்டு நீர் என் மண்டையில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இதைக் கேட்டுச் சபாபதிக்கு முதலில் ரோஷம் வந்தது. "நான் நடிக்கேல்லை, உண்மையாத்தான் கோவிச்சனான்!" என்று குதித்தார். மாவட்டத்திலேயே சிறந்த நடிகர் நீங்கள்தான் என்று ரம்லி சொன்னதை டீச்சர் எடுத்துச் சொன்னதும் அடங்கிப் போனார். இப்போது வந்திருக்கிறது புதுக் கஷ்டம். அன்றிலிருந்து மனிதருக்குக் கோபமே வருவதில்லை. பாசார்ச் சந்தையில் மீன்காரன் ஏமாற்றினாலும் சிரிக்கிறார். நேற்று ஒத்திகையில் அவர் பெயரை வேண்டுமென்றே விட்டோம், எழுந்து போகவே இல்லை. "பரவாயில்லை, மறந்திருப்பியள்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபிக்க ஆளில்லாமல் ஒரு தமிழ்ச் சங்கம் எப்படி நடக்கும்? தியாகராசா தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, மச்சான், நிலைமை இதுதான். மேடைக்குக் கூரை வரும், அதன்மேல் நாடகம் வராது. எதையும் கூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரைக் கயிற்றுக்கு இனி வேலையில்லை. நான் செயலாளர் பதவியை விட்டுவிடப் போகிறேன், விலகல் கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். எனக்குத் துக்கமாக இருக்கிறது. காசும் கூரையும் இல்லாத காலத்தில் நம்மிடம் நாடகம் இருந்தது, நீர் இருந்தீர். அந்தக் கேள்வியை நீர் ஒருதரம் கேட்டு, நான் ஒருதரம் பதில் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கொடுப்பினை இல்லை. உமக்கும் வயதாயிற்று, வீணாக இவ்வளவு தூரம் பறந்து வந்து பொன்னாடைக் கூத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டாம். டிக்கெட் எடுக்காதீர். மீசையை வைத்துக்கொண்டு அங்கேயே சௌக்கியமாக இரும்.

சிவமலருக்கு என் ஆசிகள். குளிருக்கு மிளகுத் தண்ணீர் வைத்துக் குடிக்கச் சொல்லவும். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம்; தமிழில் கொடுக்கவும். சகல தெய்வங்களும் உமது இல்லத்தில் துணை நிற்கட்டும், இங்கே அவர்களுக்கு எங்கள் சபைக் கூட்டங்களால் ஓய்வில்லை.

இப்படிக்கு,
உமது மச்சான்,
வே. சிவசம்பு
செயலாளர் (விலகப்போகிறவர்), கலாரஞ்சனி சபை

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். கடிதத்தை ஒட்டுமுன் உமது தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, "கோவிக்கிறதுக்கு ஆள் இல்லை எண்டுதானே அழுறியள்? எங்கட அண்ணையை விடவா ஒரு கோவக்காரன் வேணும்? கூப்பிடுங்கோவன்" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. மச்சான், ஒழுங்கை மாற்றக் கூடாது என்றுதானே நிபந்தனை? மாற்றவே வேண்டாம். டிசம்பரில் நீர் முன்வரிசையில் உட்காரும். தியாகராசா உம்மை மறப்பார், அதற்கு அவருக்கு ஒத்திகை தேவையில்லை. நீர் கோபித்துக்கொண்டு வாசல்வரை போம். நாங்கள் கெஞ்சிக் கூட்டி வந்து பொன்னாடை போர்த்துவோம். அடுத்தது ஏற்புரை. ஏற்புரை சொல்கிறவனை எந்த அதிகாரியும் நிறுத்த முடியாது, என்ன பேசினாய் என்றும் கேட்க முடியாது. மைக்கைப் பிடித்து, பல வருடம் கழித்து வாசலுக்கு வந்தவள் கேட்ட அந்தக் கேள்வியைக் கேளும். நன்றியுரைக்காக நான் கிரீடத்தோடு திரைக்குப் பின்னால்தான் இருப்பேன். அய்யாவிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தூக்கட்டா என்று கேட்கவே மாட்டானாம், தூக்கிவிடுவானாம். உமது தங்கை அந்தக் கூறைச்சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். டிக்கெட் எடும். வாசல் கதவு சாத்தவில்லை. மீசையை மட்டும் எடுத்துவிட்டு வாரும்.